மயிலின் மேல் மித்ரா

அந்த மயிலுக்குக் கழுத்து நீலம், தோகை பச்சை, காலுக்கு மஞ்சள். கண் மட்டும் இன்னும் வைக்கவில்லை. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு எதிரே, கலர் அரிசியில் போட்ட தீபாவளிக் கோலம். ஒரு கார் நிறுத்துகிற இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் நடுவில் என் மகள் மித்ரா மல்லாந்து படுத்திருந்தாள்.

சும்மா படுத்திருக்கவில்லை. கைகளை மேலும் கீழும் அகட்டி அசைத்தாள். பச்சை நீலத்துக்குப் போனது, நீலம் மஞ்சளுக்கு வந்தது. குதிகாலால் அரிசியை உதைத்து உதைத்துத் தனக்கு ஒரு குழி செய்துகொண்டாள். அரிசி தரையில் உரசும் சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையில் கிண்ணத்தோடு அப்படியே குந்தியிருந்தார்கள். எல்லாரும் முதலில் மயிலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை. பிள்ளை எதையாவது செய்தால் பெற்றவளை முறைப்பது நம்மவர்களின் பழைய வழக்கம்.

அப்போது லிஃப்ட் திறந்தது. ராஜி ஆன்டி வெளியே வந்தார். மயிலை வரைந்தவர் அவர்தான். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருப்பவரும் அவர்தான். இன்னொரு முறை வாய் திறந்தால் எங்களை அந்த வீட்டைவிட்டே அனுப்பக் கூடியவரும் அவர்தான். கையில் சிவப்பு அரிசி ஒரு பொட்டலம் இருந்தது.

மித்ரா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஆன்டி, என் வயித்து மேல கொஞ்சம் போடுங்க" என்றாள்.

மூன்றாவது வீடு

இந்தத் தொடரில் கணவரை அளவுக்கு மீறிக் கிண்டல் செய்கிறேன் என்று ஒரு வாசகி குறைபட்டிருந்தார். அவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வாரமும் அச்சுக்குப் போகுமுன் சுகு இதைப் படிக்கிறார். கிண்டலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன வாரம்கூட, "ஃபோர்க்லிஃப்ட் அவ்வளவு வேகமா போகாது, மாத்திடு" என்று மட்டும் சொன்னார். போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை அவருக்கு. உலகத்தில் எல்லாவற்றையும் ஏற்றலாம், இறக்கலாம், கட்டலாம் என்று நம்புகிறவர்.

மகளையும் அப்படித்தான் நம்பினார். "சத்தம் போடுறாளா? வேற வீடு பாத்துக்கலாம் லா" என்பார். இப்படி நம்பியே இரண்டு வீடு மாறினோம்.

முதல் வீடு காப்பாரில், வரிசை வீடு. மித்ராவுக்கு அப்போது நடை வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சமையலறையிலிருந்து ஓடி வந்து கூடத்துச் சுவரில் தோளை இடிப்பாள். அழமாட்டாள், திரும்பிப் போய் மறுபடி ஓடி வருவாள். அந்தச் சுவரின் மறுபக்கம்தான் பக்கத்து வீட்டின் சாமி மேடை. முருகன் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது என்று அந்த வீட்டு அக்கா ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்.

அடுத்தது பண்டமாரான், கடை வீட்டின் மாடி. கீழே யார் கடை வைத்திருக்கிறார்கள் என்று குடிபோகுமுன் விசாரித்திருக்க வேண்டும். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஊசிமுனை அளவு திருகாணியை அவர் எடுக்கும்போதுதான் இவள் கட்டிலிலிருந்து குதிப்பாள். அவர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. ஒரு நாள் மேலே வந்து, தேடிக் கண்டுபிடிக்க முடியாத திருகாணிகளைப் பற்றி சுகுவிடம் ரொம்ப நேரம் வருத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூட இருந்திருப்போம்.

மூன்றாவது இந்த வீடு. கிள்ளானில், நாலாவது மாடி. கீழ்த்தள வீடுதான் தேடினோம், கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் ஜெஞ்சாரோமில் எண்ணெய்ப்பனைத் தோட்டம் வைத்திருப்பவர், தன்மையாகப் பேசுகிற பெரியவர்.

வீடு மாறுவது மற்றவர்களுக்குச் சாமான் தூக்குகிற வேலை. மித்ராவுக்கு அது வேறு. புது வீட்டில் பல வாரம் சரியாகச் சாப்பிடமாட்டாள், தூங்கமாட்டாள். ஒவ்வொரு சுவராகக் கையால் தடவி, கன்னத்தை வைத்துப் பார்த்துப் பழக வேண்டும் அவளுக்கு. இந்த வீட்டில்தான் ஒருவழியாகத் தூங்க ஆரம்பித்திருந்தாள். இதை விட்டுப் போகக் கூடாது என்பது மட்டும்தான் அந்த வருடம் முழுக்க எனக்கிருந்த ஒரே வேண்டுதல்.

வராத விருந்தாளிகள்

ராஜி ஆன்டி பதிவு இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தனியாக இருக்கிறார். காலையில் வாசலில் செருப்பைக்கூட அளந்து வைத்ததுபோல் வைப்பார். வந்த முதல் வாரமே லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். மேலே என்ன சத்தம் என்று கேட்டார்.

நான் வங்கி ஒன்றின் தொலைபேசிப் பிரிவில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை. கடன் அட்டையைத் தொலைத்தவர்களுக்கு மூன்று மொழியில் ஆறுதல் சொல்லும் உத்தியோகம். அதனால் பதில் சொல்ல எனக்கு யோசிக்கத் தேவையில்லை. "காப்பார்லேருந்து சொந்தக்காரப் பிள்ளைங்க வந்திருந்தாங்க ஆன்டி" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து காப்பார்ப் பிள்ளைகள் அடிக்கடி வர ஆரம்பித்தார்கள். பள்ளி விடுமுறையில் வந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தார்கள். ஒரு முறை மழையில் மாட்டிக்கொண்டு தங்கியே விட்டார்கள். சுகுவுக்குக் காப்பாரில் ஒரே ஓர் அண்ணன், அவருக்குப் பிள்ளைகளே இல்லை.

ஆன்டி சில நாள் துடைப்பக் கட்டையால் தன் கூரையைத் தட்டுவார். நிறுத்து என்று அர்த்தம். மித்ராவுக்கு அது விளையாட அழைப்பதாகப் பட்டது. கீழே தட்டினால் இவள் மேலே தரையில் காலை உதைத்துப் பதில் சொல்வாள். அங்கே இரண்டு தட்டு என்றால் இங்கே இரண்டு உதை. நான் ஹெட்போனில் யாரோ ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டபடியே மகளைத் துரத்திக்கொண்டிருப்பேன்.

கடைசியில் ஜெஞ்சாரோமிலிருந்து போன் வந்தது. பெரியவருக்கே பேசச் சங்கடமாக இருந்தது.

"கீழ் வீட்டம்மா கூப்பிட்டுச் சொல்லிட்டாங்கம்மா. இன்னொரு தடவை கம்ப்ளேன் வந்தா நான் ஒன்னும் செய்ய முடியாது. தீபாவளி முடியட்டும், அப்புறம் அக்ரிமெண்ட் போடுறதா வேணாமான்னு பேசுவோம்."

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடிப்படி

பள்ளி ஆசிரியை சொல்லித்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். கடைவீட்டு மாடியில் சின்னதாக ஒரு பயிற்சி நிலையம். சனிக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்துப் போவோம். மித்ராவுக்குப் பயிற்சியைவிட ரயில்தான் பிடிக்கும். உட்காரமாட்டாள். முதுகைக் கதவோரக் கம்பியில் ஒட்டவைத்து, ரயிலின் அதிர்வு முழுவதையும் முதுகெலும்பில் வாங்கிக்கொண்டு வருவாள். இறங்கும்போது அவள் முகத்தில் அப்படியொரு அமைதி. மசாஜ் கடையிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் மட்டுமே அதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே இருந்தவர் ஷீலா என்கிற இளம்பெண். நான் ஒரு பெரிய நோயின் பெயரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் சொன்னது எளிமையாக இருந்தது. சில பிள்ளைகளுக்குத் தொடுவது, சத்தம், அசைவு எல்லாமே கூடுதலாகத் தெரியும், விலகி ஓடுவார்கள். சில பிள்ளைகளுக்கு எவ்வளவு கிடைத்தாலும் போதாது; தேடிப் போவார்கள். மித்ரா தேடிப் போகிற பிள்ளை. அவள் இடிப்பதும் குதிப்பதும் கடிப்பதும் அடம் இல்லை, பசி. வேளாவேளைக்குப் போட்டுவிட்டால் இப்படி அலையமாட்டாள்.

பசி என்ற சொல் எனக்கு உடனே புரிந்துவிட்டது. பிள்ளைக்குப் பசி என்றால் சும்மா இருக்கிற தமிழச்சி எந்த ஊரில் இருக்கிறாள்? வீட்டில் செய்ய வேண்டியதையெல்லாம் ஷீலா சொல்லச் சொல்ல, நான் விருந்துச் சமையலுக்குச் சாமான் கேட்டுக்கொள்வதுபோல் கேட்டுக்கொண்டேன். கனமானதைத் தூக்க விடுங்கள். சுவரைத் தள்ள விடுங்கள். மாவு பிசைய விடுங்கள். மொறுமொறுப்பாகக் கடிக்கக் கொடுங்கள். போர்வையில் இறுக்கமாகச் சுருட்டுங்கள். தொட்டியில் அரிசியோ பயறோ நிரப்பிக் கைகாலை விட்டு அளைய விடுங்கள்.

உரலில் இடிக்க விடலாம் என்றும் சொன்னார். எனக்கு ராஜி ஆன்டியின் கூரை ஞாபகம் வந்தது. அதை மட்டும் விட்டுவிட்டோம்.

போப்பியா

வீட்டுக்கு வந்ததும் சுகு பொறுப்பை ஏற்றுக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவருடைய தொழிலுக்கும் குடும்ப வாழ்க்கைக்கும் முதல் முறையாக ஒரு தொடர்பு கிடைத்திருந்தது. கூரையில் கொக்கி போட்டுச் சரக்கு வலையைத் தொங்கவிட்டு அதில் மகளை ஆட்டலாம் என்றார். கூரை யாருடையது என்று கேட்டேன். மறுநாள் டயர் கடையிலிருந்து லோரி டியூப் ஒன்றைக் காற்றடித்து உருட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் சோபா இருந்த இடத்தில் அது உட்கார்ந்தது, சோபா பால்கனிக்குப் போனது. டியூபில் எவ்வளவு துள்ளினாலும் கீழே சத்தம் போகாது. சுகுவே உட்கார்ந்து சோதித்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார்.

போர்வை சுருட்டுவதும் அவர் இலாகா. தரையில் கம்பளிப் போர்வையை விரித்து, மகளை ஓரத்தில் படுக்கவைத்து, கழுத்துக்குக் கீழே அளவு பார்த்து, இழுத்து இழுத்துச் சுருட்டுவார். அனுப்புகிற சரக்கு மாதிரி நான்கு பக்கமும் தட்டிப் பார்ப்பார். மித்ரா அதற்கு, காய் வைத்துச் சுருட்டி விற்கிற போப்பியாவின் பெயரை வைத்தாள். உள்ளே இருந்துகொண்டு "இன்னும் டைட்டு, இன்னும் டைட்டு" என்பாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரமாவது ஓரிடத்தில் உட்கார்ந்து படம் வரைவாள். நான் அதைப் பார்த்துவிட்டு முதல் நாள் சமையலறையில் போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கனம் தூக்குவதில்தான் சிக்கல் வந்தது. பாசாரில் காய்கறி வாங்கி வரும்போது உருளைக்கிழங்குப் பையை அவளிடம் கொடுப்பேன். சின்ன உடம்பு, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெருமையாக நடப்பாள். இரண்டாம் மாடிச் சீன அங்கிள் ஒரு நாள் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு பின்னால் வந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். பையை அவளிடமிருந்து வாங்கப் போனார். அவள் கொடுக்கவில்லை. இது பயிற்சி என்று மலாயில் விளக்கினேன். எதற்குப் பயிற்சி, கூலி வேலைக்கா என்று அவர் கேட்டார்.

வெள்ளை சாமிக்கு

அரிசித் தொட்டிக்கு வருகிறேன். மயிலுக்கு வினை அங்கேதான் பிறந்தது.

ஷீலா அரிசி என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். சாப்பிடுகிற அரிசியில் காலை வைப்பதை எந்த வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்? சுகுவுக்கு மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லை. தரையில் ஒரு பருக்கை விழுந்தாலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வளர்ப்பு. பயறு போட்டுப் பார்த்தோம். மித்ரா அதை மூக்கில் போட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போன தீபாவளிக்கு வாங்கிய கலர் அரிசி அலமாரியில் மிச்சம் இருந்தது. இந்த ஊரில் நாம் மாவில் கோலம் போடுவது குறைவு, சாயம் போட்டுக் காயவைத்த அரிசியில்தான் போடுகிறோம். அதை யாரும் பொங்கப் போவதில்லை. தரையில் கொட்டுவதற்கென்றே செய்தது. மிதித்தால் பாவமும் இல்லை. இன்னும் கொஞ்சம் வாங்கி, குழந்தை குளிக்கிற பழைய தொட்டியில் நிரப்பினேன். என் சாமர்த்தியத்தை நினைத்து அன்று முழுக்க எனக்கே பெருமையாக இருந்தது.

மித்ரா தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். நான் கிண்ணத்தில் மொண்டு அவள் காலில், முழங்காலில், வயிற்றில் கொட்டுவேன். அரிசி சரியும்போது கண் சொருகும் அவளுக்கு. அந்தத் தொட்டி வந்த பிறகு கட்டிலிலிருந்து குதிப்பது குறைந்தது. காப்பார்ப் பிள்ளைகளும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆனால் சமையல் அரிசியிலும் இறங்கிவிட்டால் என்ன செய்வது? உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். "வெள்ளை அரிசி சாமிக்கு, சாப்பாட்டுக்கு. அதைத் தொடக் கூடாது. கலர் அரிசி உன்னோடது. அதுல நீ என்ன வேணும்னாலும் செய்யலாம்."

மித்ராவுக்குச் சட்டம் என்றால் உயிர். ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும், நாமே மறந்தாலும் அவள் மறக்கமாட்டாள். நான் அரிசி களையும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "இது சாமிக்கு" என்று எனக்கே ஞாபகப்படுத்துவாள்.

தீபாவளி நெருங்கியது. ராஜி ஆன்டி தலைமையில் கீழே மயில் போடப் போகிறார்கள் என்ற சேதி வந்தது. மாலையில் எல்லா மாடிக்காரர்களும் கூடிச் சாப்பிடப் போகிறார்கள், ஜெஞ்சாரோம் பெரியவரும் வருவார். நானும் கோலத்துக்குக் கைகொடுத்தால் ஆன்டியின் மனசு இளகும் என்று கணக்குப் போட்டேன். காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு கீழே போனேன். பள்ளிப் பாடம் எழுதுகிற பிள்ளையைப் போல ஓரமாக உட்கார்ந்து தோகைக்குப் பச்சை நிரப்பினேன். குனிந்த தலை நிமிரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற மித்ராவின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வீட்டில் இருப்பதைவிட நூறு மடங்கு பெரிய தொட்டி. ஓரம்கூட இல்லாத தொட்டி.

அவள் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

மறுபடியும் லிஃப்ட் வாசல்

"ஆன்டி, என் வயித்து மேல கொஞ்சம் போடுங்க."

ராஜி ஆன்டி கையிலிருந்த சிவப்புப் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு மித்ராவைப் பார்த்தார். அவளிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இது மயிலின்ட கண்ணுக்கு வச்சது பிள்ளை. உமக்கு இல்லை."

மித்ரா யோசித்தாள். காரணம் சரியாக இருந்தது. எழுந்து, கவுனைத் தட்டிவிட்டு, மயிலை விட்டு வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவள் படுத்திருந்த இடத்தில் சிமெண்டுத் தரை பளிச்சென்று தெரிந்தது.

ஆன்டி இப்போது என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார். "இண்டைக்குக் காப்பார் பிள்ளைகள் வரேல்லையோ?"

ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பழகிய வாய். பிள்ளை கொஞ்சம் துறுதுறு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, தூக்கக் கலக்கம் என்று நாலைந்து பதில் வரிசையில் வந்து நின்றன. மித்ரா என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டு நின்றாள். அவளை வைத்துக்கொண்டு இன்னொரு பொய்யைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. அலுத்தும் போயிருந்தது.

"யாரும் வரல ஆன்டி. எப்பவும் இவதான். மத்த பிள்ளைங்களுக்கு ஒரு தடவை கட்டிப்பிடிச்சா போதும். இவளுக்குப் போதாது. எதுலயாவது போய் மோதணும், இல்ல எதாவது அவளை அழுத்தணும், அப்பதான் உடம்பு அடங்கும். அதுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டிட்டுப் போறோம். கலர் அரிசி உன்னோடதுன்னு வீட்டுல சொல்லிக் கொடுத்தது நான்தான். நான் சொன்னதைத்தான் அவ செஞ்சா."

அத்தனை பேர் முன்னால் இதைச் சொன்னது அதுதான் முதல் முறை. வீடு போய்விட்டது என்றே நினைத்தேன். அடுத்து எந்த ஊர், எந்தச் சுவர் என்று மனசு அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டது.

ராஜி ஆன்டி பொட்டலத்தை மறு கைக்கு மாற்றினார். பிறகு, "எந்த நேரம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"குதிக்கிறதைக் கேக்கிறன். நாளில எந்த நேரம் அவளுக்கு அது கட்டாயம் வேணும்?"

"ஸ்கூல் விட்டு வந்து... அஞ்சு மணிக்கு மேல. அப்பதான் ரொம்ப முடியாம போகும்."

"அஞ்சு மணிக்கு நான் நடக்கப் போவன். ஆறுக்குத்தான் வருவன். அந்த நேரம் வடிவாக் குதிக்கட்டும். ஆறுக்குப் பிறகு எனக்கு ஒரு சத்தமும் கேக்கக் கூடாது. ஜெஞ்சாரோம்காரரிட்ட நான் கதைக்கிறன்."

இரக்கமாக ஒரு வார்த்தை இல்லை, தலையைத் தடவவில்லை. இலாகாவில் முகப்பில் உட்கார்ந்து இத்தனை வருடம் எப்படி ஆட்களை அனுப்பியிருப்பாரோ அப்படியே எங்கள் விஷயத்தையும் முடித்து அனுப்பினார். நான் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். அவர் அதற்கு இடம் கொடுக்கிறவர் இல்லை.

"இப்ப மயிலைச் செய்யுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிவப்புப் பொட்டலத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

சுகுவைப் போன் போட்டு வரவழைத்தேன். கலந்த அரிசியைக் கூட்டி அள்ளினார். கலந்ததை யாரும் பிரிக்க முடியாது, நீங்களே கொண்டுபோங்கள் என்று ஆன்டி உத்தரவு போட்டதால் அது எங்கள் தொட்டிக்கு வந்தது. பச்சை பற்றாக்குறை. தோகையைச் சிறிதாக்க வேண்டியதாயிற்று. சுகு கழுத்தையும் கொஞ்சம் தடிப்பாக்கிவிட்டார். மாலையில் வந்தவர்கள், கோழி அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மித்ராவுக்குப் புதுச் சட்டம் ஒன்று போட்டேன். தரையில் இருந்தால் மயிலுடையது, தொட்டியில் இருந்தால் உன்னுடையது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

ஐந்து மணி

தீபாவளி முடிந்து ஜெஞ்சாரோம் பெரியவர் போன் செய்தார். அக்ரிமெண்ட் போட்டுவிடலாம் என்றார். கீழ் வீட்டம்மாவிடம் என்ன மருந்து வைத்தீர்கள் என்றும் கேட்டார். சுகு அன்றைக்கு வேலை விட்டு வரும்போது எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்.

பள்ளி திறந்த முதல் நாள் மாலை. பால்கனியிலிருந்து பார்த்தேன். ராஜி ஆன்டி வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு, கையில் குடையோடு கேட்டைத் தாண்டிப் போனார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மித்ராவைக் கூப்பிட்டேன். இப்போது குதிக்கலாம் என்றேன்.

அவள் நகரவில்லை. தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெருவிரலை ஊன்றி, குதிகாலை மெல்லத் தூக்கி, சத்தமில்லாமல் கீழே வைத்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் நான் பழக்கியது அது.

"மெதுவாவா அம்மா?"

"இல்லடா. நல்லாக் குதி. எவ்வளவு வேணும்னாலும் குதி."

கட்டில் மேல் ஏறினாள். இன்னொரு முறை என்னைப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள். குதித்தாள். தரை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. யாரும் தட்டவில்லை. மறுபடி ஏறினாள்.

இத்தனை வருடம் அவள் குதித்தபோதெல்லாம் நான் தரையைத்தான் பார்த்திருக்கிறேன். காப்பாரில் சுவரைப் பார்த்தேன், பண்டமாரானில் பலகையைப் பார்த்தேன், இங்கே கீழ் வீட்டுச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பயப்பட ஒன்றும் இல்லாததால் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தேன்.

மித்ரா குதிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். கால் தரையைத் தொட்ட பிறகுதான் திறக்கிறாள். பெற்ற எனக்கு அது அன்றுவரை தெரியாது.